கே. பூங்காவனம் எம். பூங்காவனத்துக்கு அனுப்பிய பணம்

பாலாற்றில் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் எல்லாம் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிற ஊர் ஒன்றில், ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பேங்க்குகள் இருந்தன. மேற்கே இருந்தது ஷூ கம்பெனிக்காரர்கள் சம்பளம் போடுகிற பேங்க், கிழக்கே இருந்தது மகளிர் குழு, காஸ் மானியம், நகைக்கடன் என்று ஊர்ப் பெண்கள் ஏறி இறங்குகிற பேங்க், இரண்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அகலம்கூடக் கிடையாது. அந்த அகலத்தைத் தாண்ட முடியாமல்தான் பூங்காவனத்தின் பணம் நடுவழியில் நின்றுபோனது. நின்றது என்றால் பேச்சுக்குச் சொல்வது இல்லை, தெருவுக்கு மேலே, கரண்ட் கம்பிக்கும் மேலே, போகிறவர் வருகிறவர் அண்ணாந்து பார்க்கிற மாதிரி நின்றது.

பூங்காவனம் கன்னியப்பனின் மகள். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஷூ கம்பெனியில் தோல் தைக்கப் போனவள். அப்போது கம்பெனிக்காரர்களே கூட்டிக்கொண்டு போய், அப்பா பெயரின் முதலெழுத்தோடு கே. பூங்காவனம் என்று மேற்குப் பேங்க்கில் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். அப்புறம் முனிரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே, கழுத்தில் தாலி ஏறினால் பொம்பளைக்கு இனிஷியல் இறங்கிவிடும், அப்பனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புருஷனை உட்கார வைத்துவிடுவார்கள், அவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ரேஷன் கார்டில் எம்., ஓட்டு லிஸ்டில் எம்., கிழக்குப் பேங்க்கில் எம். பூங்காவனம். கம்பெனியில் மட்டும், மாற்றுவதற்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்று விட்டுவிட்டாள். இதைவிடப் பெரிய குற்றம் எதையும் அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதே தெருவில் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும்தான், மாளிகை ஒன்றும் இல்லை. ஆனாலும் சுவரில் ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வயிற்றெரிச்சலாக இருக்கும் அவளுக்கு. வீட்டுக்காரர் தணிகாசலம் நல்ல மனுஷன். கம்பெனி மூடி, இத்தனை வருஷத்து பி.எஃப். பணம் மொத்தமாக வந்தது என்று தெரிந்ததும், “ஆடி பொறக்கறதுக்குள்ள பத்திரம் பண்ணிக்கோம்மா, வேற எவனுக்கும் தரமாட்டேன்” என்றார். குறைகிற தொகைக்குக் கடன் தருவதாகக் கிழக்குப் பேங்க் சொன்னது, ஆனால் அவள் கையிருப்பு தங்கள் பேங்க்கில் இருக்க வேண்டுமாம். நியாயம்தானே என்று பூங்காவனம் மேற்குப் பேங்க்குக்குப் போய்ச் சலான் எழுதிக் கொடுத்து, அக்கினி நட்சத்திர வெயிலில் முந்தானையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

பாதித் தெருவில் போன் வந்தது. “பேங்க்கிலிருந்து பேசுகிறோம்” என்றது ஒரு குரல். பேங்க் என்று சொல்லிக்கொண்டு எவனாவது கூப்பிட்டால் கட் பண்ணிவிடு என்று அந்தப் போனே எத்தனை காலமாக அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது, ஒவ்வொரு தடவை யாரையாவது கூப்பிடப்போனாலும் அதைக் கேட்டுத் தொலைத்த பிறகுதானே மணி அடிக்கிறது. அவள் புத்திசாலித்தனமாகக் கட் பண்ணினாள். உடனே தெருவில் நிழல் விழுந்தது.

அது நோட்டாகவும் இல்லை, காசாகவும் இல்லை. கல்யாணப் பந்தல் அளவுக்கு, வெளுத்த சாம்பல் நிறத்தில், காற்றுக்கு லேசாக ஏறி இறங்கிக்கொண்டு, மேற்குப் பேங்க்கின் மாடியையும் கிழக்குப் பேங்க்கின் மாடியையும் தொடாமல் நடுவில் தொங்கியது. அது பணம்தான் என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும், சூடான மிஷின் எண்ணெய் வாசனையும் அதிலிருந்து வந்துகொண்டிருந்ததால், யாருடைய பணம் என்பதும் சாயங்காலத்துக்குள் தெரிந்துபோனது. கம்பெனியில் அவளுக்கு அடுத்த மிஷினில் உட்கார்ந்து தைத்த ஹபீபா அண்ணாந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, “நம்ம பூங்காவோட ஓவர்டைம் வாசனைதான் இது” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை.

வெயில் அப்படிப்பட்ட வெயில். சித்திரை வைகாசியில் அந்த ஊரில் நாய் நடுரோட்டில் காலை வைக்காது, தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், அங்கே போய் ஒரு தெரு முழுக்க மண்பானை வைத்த மூலை மாதிரி சில்லென்று நிழல் கிடைத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முதலில் டீக்கடை பெஞ்சு வந்தது. அப்புறம் பூக்காரி வந்தாள், வாடாத பூ என்று கூவி விலையையும் ஏற்றினாள். ஆட்டோக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு வாசலை விட்டுவிட்டு இங்கே வந்து வரிசை போட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் பாயோடு வந்தார்கள், பிரசவத்துக்கு வந்தவர்களைச் சாயங்காலம் அங்கே நடக்கவிட்டார்கள், பள்ளிவாசலில் தொழுகை முடித்து வருகிறவர்களும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் அங்கேதான் நின்று நாட்டு நடப்பு பேசினார்கள். அம்மன் புறப்பாட்டில் குடை இடிக்குமோ என்று ஒரு தகராறு வந்து, பணத்துக்கு அடியில் மட்டும் குடையைச் சாய்த்துப் பிடிப்பது என்று பேசி முடித்தார்கள். மின்சார வாரியத்து ஆட்கள் மூங்கிலை வைத்து அளந்து பார்த்து, கம்பிக்கும் பணத்துக்கும் போதிய இடைவெளி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே நிழலில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனார்கள். நகராட்சி சும்மா இருக்குமா, கடை போட்டவர்களிடம் நிழல் வாடகை வசூலித்தது.

ஹபீபா, கம்பெனி மூடினதிலிருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தவள், அங்கே ஒரு அடுப்பை வைத்து பஜ்ஜி போட ஆரம்பித்தாள். முனிரத்தினத்தின் கதை இன்னும் விசேஷம். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கி நெஞ்சு கெட்டு, பல வருஷமாகப் பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, சாப்பிடும்போது தட்டை மட்டும் பார்க்கிற மனுஷன் அவன். இப்போது நிழலின் ஓரத்தில் கயிறு கட்டி டூவீலர் ஸ்டாண்டு வைத்தான். நிழலுக்குச் சொந்தக்காரியின் புருஷன் என்பதால் யாரும் போட்டிக்கு வரவில்லை. காக்கிச் சட்டை தைத்துக்கொண்டான், விசில் வாங்கினான், வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தான், சாப்பிடும்போது தலை நிமிர்ந்து பேசினான். பூங்காவனத்துக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அவளுக்கு மட்டும்தான் அந்த நிழல் சுட்டது. ஆடி பிறக்கப் போகிறது, பணம் தலைக்கு மேலே தொங்குகிறது. மேற்குப் பேங்க்கில் கேட்டால், “நாங்க அனுப்பிட்டோமே” என்றார்கள். கிழக்குப் பேங்க்கில் கேட்டால், “எங்களுக்கு இன்னும் வரலியே” என்றார்கள். கிழக்குப் பேங்க் மேனேஜர் பிரதீபா, சின்ன வயதுப் பெண், மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஜன்னல் வழியாக அந்தப் பணத்தைத் தானும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“தெரியுதும்மா. கண்ணுக்கு நல்லாவே தெரியுது. ஆனா அனுப்பினது கே., வாங்கறது எம். இவ்வளவு பெரிய தொகை இதுக்கு முன்னாடி ரெண்டு கணக்குக்கும் நடுவுல போனதே இல்ல. யாரோ உங்களை ஏமாத்தறாங்களோன்னு செக் பண்றதுக்காக நிறுத்தியிருக்காங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“என்னை நானே எப்படி மேடம் ஏமாத்துவேன்? ஆதார் நம்பர் ஒன்னுதானே, பாருங்க.”

“அதுதாம்மா சந்தேகமே. ஒரே நம்பரை ரெண்டு பேர் வெச்சிருக்கீங்க.”

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் சிரிக்காததைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போன் வரும், பதில் சொல்லுங்க, கட் பண்ணாதீங்க” என்று அனுப்பிவைத்தாள் பிரதீபா. போன் வந்தது. வாரம் தவறாமல் உச்சி வேளையில் வந்தது. நாடகத்தில் ராணி பேசுகிற மாதிரி சுத்தத் தமிழில், கோபமும் இல்லாமல் பிரியமும் இல்லாமல் ஒரு பெண் குரல். “எம். பூங்காவனம் என்பவருக்கு நீங்கள் பணம் அனுப்பினீர்களா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லவும்.”

“ஆமாம்மா. அது நான்தான்.”

“மன்னிக்கவும். உங்கள் பதில் புரியவில்லை. எம். பூங்காவனம் என்பவரை உங்களுக்குத் தெரியுமா?”

“இன்னா கேள்வி இது, நான்தான் எம்., நான்தான் கே., ரெண்டும் நான்தான்றேன்.”

“மன்னிக்கவும். உங்கள் பதில் புரியவில்லை.” அதோடு போன் செத்துவிடும். “நான்தான்” என்கிற வார்த்தையை மட்டும் அந்தக் குரலுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூங்காவனத்துக்கோ அந்த வார்த்தையை விட்டுவிட்டுப் பேச வாய் வரவில்லை, உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பி வளர்ந்த ஜென்மம் அது. வாரத்துக்கு வாரம் பணம் இன்னும் கொஞ்சம் தடித்தது, நிழல் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது, வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து நிழலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கவுன்சிலர் ஒரு நாள் மைக் செட்டோடு வந்து, தன் படம் பெரிதாகவும் அவள் பெயர் சிறிதாகவும் போட்ட பலகையைத் திறந்துவைத்து, தியாகச்செம்மல் என்று சொல்லி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த வேக்காட்டில் அதைப் போர்த்திக்கொண்டு அவள் நின்றாள்.

ஆனி நடுவில் பிரதீபாவே மனமிரங்கி ஒரு வழி சொன்னாள். தெருவில் அவளைத் தெரிந்த இரண்டு பேர் நேரில் வந்து, கே.யும் எம்.மும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் போதும், தடையை எடுத்துவிடலாம். பூங்காவனம் அன்றைக்குப் பேங்க்கிலிருந்து குதிக்காத குறையாக வெளியே வந்தாள். இரண்டு பேர் என்ன, இந்தத் தெருவே வந்து சொல்லுமே என்று நினைத்தாள் பைத்தியக்காரி. நேராக ஹபீபாவின் அடுப்புக்குப் போனாள்.

ஹபீபா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எண்ணெயையே பார்த்துக்கொண்டு, “கம்பெனியில எனக்குக் கே. பூங்காவனத்தைத்தானே தெரியும் பூங்கா. பஞ்சிங் கார்டுலயும் அதான், சம்பளச் சீட்டுலயும் அதான். எம்.முன்னு ஒருத்தி கூட நான் வேலை செஞ்சதில்லையே. பேங்க்ல போய்ப் பொய் சொன்னா நாளைக்கு அல்லாவுக்குப் பதில் சொல்லணும்” என்றாள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி வந்தால் மற்றவள் அவள் பங்கையும் சேர்த்துத் தைப்பாள். ஹபீபா பஜ்ஜி மட்டும் ஒரு பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள், காசு வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து முனிரத்தினத்திடம் சொன்னாள். அவன் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு எம். பூங்காவனத்தைத் தெரியும். கட்டிகினு வந்தவ. கன்னியப்பன் பொண்ணு கே. பூங்காவனத்தை நான் எங்க பார்த்தேன்? பொண்ணு பார்க்கக்கூட எங்கம்மாதானே போச்சு.”

“யோவ், நான் உன் முன்னாடி நிக்கறேன்யா.”

“நிக்கறே. இல்லேன்னு சொல்லல.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே பூங்காவனம். இறக்கிட்டா மறுபடியும் நான் வீட்டுலதான் உக்காரணும். நீ போடறதைத் தின்னுகினு.”

அவளால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் அவளை அறைந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலாக ஏறினாள். சொல்லிவைத்த மாதிரி பாதிப் பேருக்குக் கே.யைத் தெரிந்திருந்தது, பாதிப் பேருக்கு எம்.மைத் தெரிந்திருந்தது, இரண்டு பேரையும் தெரிந்தவர் ஊரில் ஒருத்தர்கூட இல்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், எல்லோரும் மோர் கொடுத்தார்கள். பூக்காரி அவள் தலையில் இரண்டு முழம் வைத்தும் விட்டாள். இத்தனை அன்பாக ஒரு பொம்பளையை நடுத்தெருவில் நிறுத்த அந்த ஊரால்தான் முடியும்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு முன்னால் தணிகாசலம் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடி அண்ணாந்து பணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். வேலூர்க்காரர் ஒருத்தர் ஜூஸ் கடை போட இந்த வீட்டைக் கேட்கிறாராம். இந்த நிழலில் ஜூஸ் கடை போட்டால் என்ன ஓட்டம் ஓடும் என்று கணக்குப் போட்டு, அவளுக்குச் சொன்ன விலையைப் போல இரண்டு பங்குக்கு மேல் தருகிறாராம். தெரு முழுக்கவே அப்படித்தான் விலை போகிறதாம்.

“எனக்குத் தர்றேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். இப்பவும் அவர் தர்ற விலையைக் குடு, உனக்கே எழுதறேன். நான் என்னம்மா ஏத்தினேன்? உன் பணத்தால ஏறின விலை. என்னைக் குத்தம் சொல்லாதே.” அட்வான்ஸ் வாங்கியாயிற்று, ஆடி முடிந்ததும் பத்திரம், அதற்குள் காலி பண்ணிக்கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்றும் சொன்னார். போகும்போது நிழலிலேயே ஓரமாக நடந்து போனார்.

பூங்காவனம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தலைக்கு மேலே தொங்குகிற பணம் இப்போது இறங்கி வந்தாலும் வீட்டில் ஒரு அறைக்குத்தான் காணும். அவளுடைய பணமே அவளுடைய வீட்டை அவளுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அழலாம் என்று பார்த்தாள், வரவில்லை. எழுந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். குக்கரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது உச்சி வேளை ஆகி, போன் அடித்தது.

“வணக்கம். எம். பூங்காவனம் என்பவருக்கு நீங்கள் பணம் அனுப்பினீர்களா?”

“ஆமா.”

“எம். பூங்காவனம் என்பவரை உங்களுக்குத் தெரியுமா?”

நான்தான் என்று சொல்ல வாய் திறந்தாள். தெருவில் முனிரத்தினத்தின் விசில் சத்தம் கேட்டது. யாருக்கோ வண்டியைத் திருப்பி விட இடம் காட்டிக்கொண்டிருந்தான்.

“தெரியும்” என்றாள்.

இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அந்தக் குரல் செத்துப்போகாமல் அடுத்த கேள்விக்குப் போனது. “எவ்வளவு காலமாகத் தெரியும்?”

“கல்யாணத்துலருந்து.”

“பணம் அனுப்பினால் ஏதாவது தருவதாக அவர் உங்களிடம் கூறினாரா?”

பூங்காவனம் சாக்கின் மேலேயே உட்கார்ந்தாள். அவளிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, புருஷன் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டதில்லை.

“சொன்னா. வீடு தர்றேன்னு சொன்னா.”

“அவர் உங்களை அவசரப்படுத்தினாரா, அல்லது கட்டாயப்படுத்தினாரா?”

“காய்ச்சலோட வேலைக்குப் போகச் சொன்னா. ஓவர்டைம் பாருன்னா. கண்ணு எரிஞ்சாலும் தை, இடுப்பு போனாலும் தை, ஒரு சினிமா வேணாம், ஒரு நல்ல பொடவை வேணாம், எல்லாம் வீடு வந்தப்புறம் பார்த்துக்கலாம்னா. நானும் அவ பேச்சைக் கேட்டேன்.”

“இதைப் பற்றி மற்றவர்களிடம் பேச வேண்டாம் என்று கூறினாரா?”

“யாரையும் நோகடிக்காதேன்னா. புருஷன் மனசு கோணக் கூடாது, சிநேகிதி மனசு கோணக் கூடாது, ஊருக்கு நல்லவளா இருன்னா. வாயே திறக்காதேன்னா.”

“கூறியபடி அவர் வீட்டைத் தந்தாரா?”

“இல்ல.”

“நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்” என்றது அந்தக் குரல்.

“ஆமாம்மா” என்றாள் பூங்காவனம். அப்போதுதான் அழுகை வந்தது. ஹபீபா முன்னால் வராத அழுகை, கட்டினவன் முன்னால் வராத அழுகை, பெயர் தெரியாத ஊர் தெரியாத மனுஷியா மிஷினா என்றே தெரியாத ஒன்றின் முன்னால் கேவிக் கேவி வந்தது.

“கவலைப்பட வேண்டாம். உங்கள் பணம் காப்பாற்றப்பட்டு, உங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. எம். பூங்காவனத்தின் கணக்கு முடக்கப்படுகிறது.”

வெளியே நிழல் போய், தெரு முழுக்க ஒரே அடியாக வெயில் அடித்தது. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் கோடு கோடாக விழுந்தது. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்த சத்தமும், பாயைச் சுருட்டுகிற சத்தமும், கவுன்சிலருக்குப் போன் போடுங்கப்பா என்கிற சத்தமும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டன. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஜனங்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். யாரோ ஓடிவந்து கதவைத் தட்டினார்கள்.

“கடைசியாக ஒரு கேள்வி” என்றது குரல். “அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

கதவைத் தள்ளிக்கொண்டு முனிரத்தினம் வாசற்படியில் நின்றான். வெயிலிலிருந்து வந்தவனுக்கு வீட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. இருட்டைப் பார்த்து, “பூங்காவனம், உள்ளதான் இருக்கியா?” என்று கேட்டான்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள். “இந்த வீட்டுலதான் இருந்தா. காலி பண்ணிட்டுப் போயிட்டா.”